மொத்த ஓட்டும் சில்லறை ஓட்டும்

ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆண்டு பழக வேண்டும் என்று சர்க்கார் திருவுளம் கொண்ட காலத்தில், ரங்கூன் பட்டாணிச் சந்துக்கும் ஒரு சுகாதார சபை கிடைத்தது. ஏழு அங்கத்தினர்கள், ஒரு நீள மேஜை, ஒரு பித்தளை மணி. மணியை ஒரு தரம் அடித்தால் சபை கூடும். இன்னொரு தரம் அடித்தால் கலையும். இரண்டு அடிக்கும் நடுவில் சந்தின் சுகாதாரம் விருத்தியாக வேண்டும் என்பது விதி.

விருத்தியாக வேண்டிய சுகாதாரம் சந்தில் அதிகமில்லை. ஒரே ஒரு சாக்கடை இருந்தது. மொகல் தெருப் பக்கத்து மேட்டில் ஆரம்பித்து, வீடுகளின் முதுகுப்புறமாக நடந்து, ஆற்றங்கரைப் பெரிய வாய்க்காலில் போய்ச் சேர வேண்டிய சாக்கடை. அது பாதி வழியில் தைலம்மாளின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் வந்ததும், இதைவிட நல்ல இடம் அப்பால் கிடைக்காது என்று தீர்மானித்ததுபோல அங்கேயே தங்கிவிட்டது. மழை பிடித்தால் சமையலறைக்குள்ளும் வந்துபோகும். ரங்கூனில் மழை பிடித்தால் மாசக்கணக்கில் விடாது.

தைலம்மாள் புருஷனை இழந்தவள். கடையையும் கட்டடத்தையும் அவன் அவள் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போனான். துறைமுக ஜெட்டியில் மூட்டை சுமப்பவர்கள், அரிசி மில் கணக்கர்கள், என்னைப் போல மரக்கடையில் பேனா பிடிப்பவர்கள் எல்லோருக்கும் அவள் கடையில்தான் சோறு. வீட்டு வரி கட்டுகிறபடியால் அவளுக்கு ஓட்டும் உண்டு. பர்மாவில் ஓட்டுக்கு வரி போதும், மீசை தேவையில்லை.

முதல் சபையை நாங்கள் ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம். ஒருவருக்குக் கம்பீரமான குரல். ஒருவர் எதிரில் வந்தால் குடையை மடக்கிக் கும்பிடுவார். ஒருவரிடம் தங்கச் சங்கிலிக் கடிகாரம் இருந்தது. நேரம் கேட்டால் சொல்லுவார். இப்படி ஏழு உத்தமர்கள். சாக்கடை விஷயத்தில் ஏழு பேருக்கும் ஏழு அபிப்பிராயம். அடைப்பு மேலே என்றார் ஒருவர், கீழே என்றார் ஒருவர். அடைப்பே இல்லை, தண்ணீர்தான் சோம்பலாக இருக்கிறது என்றார் கடிகாரக்காரர். மூன்று வருஷம் மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் வருஷத்து மழையில், கடையில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மூட்டை சுமக்கும் ஆண்டியப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் வழக்கமாக உட்காரும் மூலையில் மறுநாளும் தைலம்மாள் கை மறதியாக இலையைப் போட்டுவிட்டாள். பிறகு அதை எடுக்க அவளுக்கு மனசில்லை, யாரையும் அங்கே உட்காரவும் விடவில்லை. அன்று பூராவும் வெறும் இலை கிடந்தது.

சாயங்காலம் அவள் மேட்டுப்பக்கம் இரண்டு வீடு தள்ளி டீக்கடை வைத்திருந்த சாதிக் பாட்சாவிடம் போனாள். சாதிக் பாட்சா நல்ல மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. சர்க்கரை கூடக் கேட்டால் பெற்றவர்கள் வரைக்கும் இழுத்துப் பேசுவார். ஆனால் அன்று அவர் சபைக்குள் புகுந்து மேஜையில் குத்தின குத்தில் மணி கீழே விழுந்து நசுங்கியது. மறுநாளே நாலு ஆள் மூங்கில் கழியோடு வந்து, சாக்கடையைக் குத்திவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் தண்ணீர் ஓடியது.

"பாய் வெளியே நின்னு கத்துனதுக்கே ஒரு வாரம் ஓடுச்சு. உள்ளே உட்கார்ந்து கத்துனா வருஷம் பூரா ஓடும்" என்றாள் தைலம்மாள். சந்து முழுவதும் அதை ஒப்புக்கொண்டது. அடுத்த தேர்தலில் சாதிக் பாட்சா நிற்பது என்று ஏற்பாடாயிற்று. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அதற்குள் சந்துக்குக் கட்சி வந்துவிட்டது.

கட்சியைக் கொண்டுவந்தவர் அரிசித் தரகர் பழனியப்பன். வியாபார விஷயமாகக் கல்கத்தா போனவர், அங்கே பெரிய மனிதர்கள் எல்லோரும் கட்சி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கப்பலில் இருந்து இறங்கும்போதே பச்சைக் குல்லாயோடு இறங்கினார். கட்சியின் பெயர் ஐக்கிய அபிவிருத்திக் கட்சி. கொள்கை ஐக்கியம். அதன் பலன் அபிவிருத்தி. இரண்டுக்கும் அறிகுறி, குல்லாய். ஒரு மாசத்துக்குள் சந்தில் குல்லாய் இல்லாத தலை அநாகரிகமான தலை என்று ஆகிவிட்டது. மழையில் சாயம் இறங்கி, அபிவிருத்தியடைந்தவர்களின் நெற்றியெல்லாம் பாசி பிடித்த மாதிரி இருந்தது.

தைலம்மாளின் தம்பி குழந்தைவேலுவும் ஒருநாள் பாசி படிந்த நெற்றியோடு சாப்பிட வந்தான். கப்பல் ஆபீசில் குமாஸ்தா. கட்சியில் சேர்ந்ததிலிருந்து அவன் தனக்காகப் பேசுவதை விட்டிருந்தான்.

"அக்கா, நாங்க தீர்மானிச்சுட்டோம். இந்தத் தடவை மொத்த ஓட்டு."

"மொத்த ஓட்டுன்னா?"

"ஏழு ஸ்தானத்துக்கும் எங்க கட்சி ஆள் ஏழு பேர். ஆளைப் பொறுக்கக் கூடாது. அப்படியே மொத்தமாப் போட்டுடணும். பொறுக்கிப் போடறது சில்லறை ஓட்டு. சில்லறை ஓட்டு போட்டுத்தானே சாக்கடை இப்படிக் கிடக்கு?"

"வாஸ்தவம். அந்த ஏழுல பாட்சா பாய் உண்டா?"

"அவருக்குக் கட்டுப்பாடு கிடையாது. கத்துவாரு."

"கத்தறதுக்குத்தாண்டா அவர் வேணும்."

"தனி மனுஷன் கத்தக் கூடாது அக்கா. கட்சி கத்தும்."

"சரி, ஏழு பேர் யாரு?"

குழந்தைவேலு விரல் விட்டான். பழனியப்பன், பழனியப்பனின் மைத்துனர், அந்த மைத்துனரின் சகலை, இரண்டு தரகர்கள், ஒரு டாக்டர். ஏழாவது விரலில் கொஞ்சம் தயங்கி, "பாத்திரக்கடை அப்பாசாமி" என்றான்.

குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "அவர் போன மாசம் செத்துப் போனாரேடா! பாடைக்கு முன்னால நீதானே போனே?"

"வேட்புமனு கொடுத்த அப்புறம்தான் செத்தாரு. பேரு அச்சாயிடுச்சு. அச்சான பேரை எடுக்க விதி இல்லைன்னு தேர்தல் அதிகாரி சொல்லிட்டாரு. தலைவரும் யோசிச்சாரு. சாவு அவரோட சொந்த விஷயம். கொள்கையிலேர்ந்து அவர் விலகல்லே."

"ஓட்டுப் போட்டா வந்து உட்காருவாரா?"

"ஆளைப் பார்க்கிற பழக்கம் உனக்குப் போகவே இல்லை அக்கா" என்று அவன் வருத்தப்பட்டுக்கொண்டு, மோரை வாங்கிக் குடித்தான்.

இதைப் பார்த்து மனம் கொதித்தவர்களும் சந்தில் இருந்தார்கள். வக்கீல் குமாஸ்தா ரெங்கசாமி அவர்களில் முக்கியமானவர். மனிதன் மந்தை அல்ல, ஒவ்வொருவனும் தன் புத்தியைக் கொண்டு ஆளைப் பார்த்து ஓட்டளிக்க வேண்டும் என்று அவர் கூட்டம் போட்டுப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஒவ்வொருவனும் தன் புத்தியைக் கொண்டு யாருக்குப் போடுவது என்று கேட்டபோது, கூட்டத்தில் ஒரே குழப்பம். குழப்பம் தீர ரெங்கசாமியே தம்மையும் சேர்த்து ஏழு பேரைக் குறிப்பிட்டார். அந்த ஏழு பேரையும் அடையாளம் தெரிய வேண்டுமே என்று வெள்ளைக் குல்லாய் வந்தது. இப்படியாகக் கட்சி சாராதார் சங்கம் பிறந்தது. அதன் முதல் விதி: சங்கத்தின் ஏழு தனி மனிதர்களுக்கும் ஒன்று விடாமல் ஓட்டளிக்காதவன் சுயபுத்தி இல்லாதவன்.

சாதிக் பாட்சா அந்த ஏழில் ஒருவராக இருந்தார். இரண்டாவது கூட்டத்தில் அவர் எழுந்து, "எனக்குப் போடுங்க. மத்த ஆறு பேர்ல நாலு பேரு எங்கிட்ட டீ குடிச்சிருக்கானுங்க. நாலும் தறுதலை. அவனுங்களுக்குப் போடாதீங்க" என்றார்.

அவர் தமது புத்தியைத் தன்னிச்சையாக உபயோகித்த குற்றத்துக்காகச் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார்.

தேர்தல் அதிகாரி சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவர். யாருக்கும் பாரபட்சம் கூடாது என்ற கவலையிலேயே அவருக்கு அஜீர்ணம் இருந்தது. பழனியப்பன் போய், மொத்த ஓட்டுப் போடுகிறவர்களைச் சில்லறைக்காரர்களோடு காக்க வைப்பது அநியாயம் என்றார். ரெங்கசாமி போய், யோசித்து ஓட்டுப் போடுகிறவர்களை அவசரப்படுத்துவது அநியாயம் என்றார். இரண்டும் அநியாயந்தான் என்று அதிகாரிக்குப் பட்டது. ஆகையால் இரண்டு வாசல் வைத்தார். மொத்த வாசலில் நுழைந்தால் ஒரு பச்சைப் பெட்டி, ஒரு சீட்டு. போட்டுவிட்டுப் போகலாம், ஏழாகக் கணக்கு. சில்லறை வாசலில் நுழைந்தால் ஏழு சீட்டு. அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. கட்சிக்காரர் பெட்டிகள் கீழ்க் கூடத்தில், முதலில் விண்ணப்பித்தபடியால். கட்சி சாராதார் பெட்டிகள் மாடியில். சாதிக் பாட்சா கட்சியையும் சார்ந்தவரல்ல, சாராதாரையும் சார்ந்தவரல்ல என்பதால் கட்டடத்துக்குள் இடமளிக்க விதி இல்லை. அவர் பெட்டியை வாசற்பக்கம் தகரக் கொட்டகையில் வைத்தார்கள்.

தேர்தல் நாளன்று பெருமழை. தைலம்மாள் கடையைச் சாத்திவிட்டு விடியற்காலையிலேயே சில்லறை வரிசையில் நின்றாள். சந்தில் வரி கட்டுகிற முக்கால்வாசிப் பேரும் அங்கேதான் நின்றார்கள். மொத்த வாசல் பக்கம் பச்சைக் குல்லாய்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. குழந்தைவேலு போட்டுவிட்டு வந்து, அக்காவுக்குக் குடை பிடித்தான். "நான் ஆபீஸுக்கே போயிட்டு வந்துட்டேன்" என்றான்.

மதியம் ஆகியும் சில்லறை வரிசை நகரவில்லை. தைலம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏன் சாமி, சீட்டுக் கொடுக்கிற ஐயா எங்கே?" என்று கேட்டாள்.

"சாப்பிடப் போயிருக்கிறார்" என்றார் தேர்தல் அதிகாரி.

"எப்போ வருவார்?"

"சாப்பிட்டதும் வருவார். காலையிலிருந்து உங்கள் கடை வாசலில்தான் நிற்கிறார். கடை திறக்கவில்லையாம்."

"நான் இங்கே நிக்கிறேனே! ஓட்டுப் போட்டாத்தானே கடை திறப்பேன்?"

"அவர் சாப்பிட்டால்தானே நீங்கள் ஓட்டுப் போட முடியும்?"

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்ததால் அதிகாரி தலையிடவில்லை. கடைசியில் சாதிக் பாட்சா தம் கடையிலிருந்து ரொட்டியும் டீயும் கொண்டுபோய், சீட்டுக் குமாஸ்தாவின் வாயில் ரொட்டியையும் காதில் வசவையும் சேர்த்துத் திணித்த பிறகு வரிசை அசைந்தது.

தைலம்மாள் ஏழு சீட்டையும் வாங்கினாள். கொட்டகைக்குப் போய் ஒரு சீட்டைச் சாதிக் பாட்சாவின் பெட்டியில் போட்டாள். மீதி ஆறையும் அதிகாரியிடம் நீட்டினாள்.

"இது எனக்கு வேண்டாம் சாமி. ஒருத்தரைத்தான் எனக்குத் தெரியும், போட்டுட்டேன்."

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, ஏழும் போட்டால்தான் அது ஓட்டு. ஒன்று மட்டும் போட்டால் அது அபிப்பிராயம். அபிப்பிராயத்தை எண்ணுவதற்கு விதி இல்லை."

"அப்போ பாய்க்குப் போட்டது?"

"மற்ற ஆறும் விழுந்தால் செல்லும். இல்லாவிட்டால் செல்லாது."

"மத்த ஆறு யாருக்குப் போடறது?"

"அது உங்கள் சுதந்திரம். அதில் சர்க்கார் குறுக்கிடாது."

அவள் மாடிப் படியைப் பார்த்தாள். மழைச்சாரலில் படி வழுக்கி, ஏறினவர்களில் இரண்டு பேர் உருண்டு வந்து, படியடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழ்க் கூடத்தைப் பார்த்தாள். வெளியே போகிற வழியில் வரிசையாக ஆறு பெட்டிகள். டாக்டருடையது மட்டும் பூட்டின அறைக்குள் இருந்தது, சாவி அகப்படவில்லை. ஜெட்டி ஆட்கள் கடை வாசலில் பசியோடு காத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. நடந்துகொண்டே, பார்க்காமல், ஆறு பெட்டியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு வெளியேறினாள். ஒரு பெட்டியின் மேல் 'காலஞ்சென்ற' என்று ஒட்டியிருந்ததை அவள் கவனித்தாளாம். "நின்னு யோசிச்சா இன்னொரு மணி நேரம் ஆகும்" என்று பிற்பாடு சொன்னாள்.

வரிசையில் நின்ற எல்லோருக்கும் பசி ஒன்றே. எல்லோரும் கொட்டகையில் ஒன்று, போகிற வழியில் ஆறு. வெள்ளைக் குல்லாய்க்காரர்களில்கூட இரண்டொருவர் தவிர மற்றவர்கள் மாடி ஏறவில்லை என்பது எண்ணும்போது தெரிந்தது. ரெங்கசாமியின் பெட்டியில் ரெங்கசாமியின் சீட்டோடு இன்னும் இரண்டு பேருடையதுதான் இருந்தது.

முடிவு வந்தது. கட்சியின் ஆறு பேரும் அமோகமாக ஜெயித்தார்கள், அப்பாசாமி உட்பட. ஏழாவதாகச் சாதிக் பாட்சா வந்தார். தோற்றது கட்சிப் பட்டியலில் இருந்த டாக்டர். சாக்கடைக்கும் வாந்திபேதிக்கும் சம்பந்தம் உண்டென்று அந்தப் பதினான்கு பேரில் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

பழனியப்பன் நன்றியறிதல் கூட்டத்தில் கண் கலங்கினார். "மகாஜனங்களே! மொத்த வாசலில் வந்தவர்கள் கொள்கைக்குப் போட்டீர்கள். அது ஆச்சரியமில்லை. சில்லறை வாசலில் வந்தவர்களும், எங்களை ஒவ்வொருவராகச் சீர்தூக்கிப் பார்த்து, எங்களுக்கே போட்டீர்களே! ஆளைப் பார்த்தாலும் நாங்கள்தான், கட்சியைப் பார்த்தாலும் நாங்கள்தான்!" என்றார். சந்து அதற்குக் கை தட்டியது. தட்டாமல் என்ன செய்ய?

சபையின் முதல் கூட்டத்தைப் பார்க்க நாங்கள் ஜன்னலில் தொங்கினோம். சாதிக் பாட்சா எழுந்து மேஜையைக் குத்தி, "சாக்கடையைத் தோண்டி அள்ளணும்!" என்றார்.

அக்கிராசனர் பழனியப்பன் மிகுந்த மரியாதையோடு, "கனம் அங்கத்தினரின் பிரேரணையை ஆமோதிப்பவர் யார்?" என்று கேட்டார்.

யாரும் எழவில்லை. அப்பாசாமியின் நாற்காலியில் அவருடைய அங்கவஸ்திரத்தை மடித்து வைத்திருந்தார்கள். அதுவும் எழவில்லை.

"ஆமோதிப்பு இல்லாத பிரேரணை, சப்தம் என்று கருதப்படும்" என்று அக்கிராசனர் தீர்ப்புச் சொல்லி மணியை அடித்தார். புது மணி.

இப்படி நாலு கூட்டம். நாலிலும் சப்தம். ஐந்தாவது கூட்டத்துக்கு முன்னால் பழனியப்பன் சாதிக் பாட்சாவின் கடைக்கு வந்து, டீ கேட்டு, இனிப்பு குறைவாக இருந்தும் வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு, ஒரு பச்சைக் குல்லாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஐந்தாவது கூட்டத்தில் சாதிக் பாட்சா குத்தவில்லை. குல்லாயோடு எழுந்து ஒரு காகிதத்தை மெதுவாகப் படித்தார். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது.

மறுவாரம் கூலியாட்கள் வந்தார்கள். மேட்டிலிருந்து ஆரம்பித்துச் சாக்கடையை நன்றாகவே தோண்டினார்கள். கல்லும் மண்ணும் எடுத்து, பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓட ஏற்பாடு செய்தார்கள். சாதிக் பாட்சா கடையின் பின்புறம் வரைக்கும் வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பிரேரணையில் அவ்வளவுதான் இருந்ததாம்.

அன்று பெய்த மழையில், மேட்டுத் தண்ணீர் எல்லாம் முன்போல ஆங்காங்கே தங்கிச் சிரமப்படாமல், ஒரே ஓட்டமாக வந்து தைலம்மாளின் சமையலறையில் விழுந்தது. அடுப்பு அணைந்து, அரிசிப் பானை மிதந்தது. அவள் முழங்கால் சேற்றோடு டீக்கடைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே போனோம்.

"என்ன பாய் இது?"

சாதிக் பாட்சா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாஸைத் துடைத்தார். "தங்கச்சி, நான் ஒத்தை ஆளு. ஒத்தை ஆளுக்கு இவ்வளவுதான் தந்தானுங்க. முழுசா வேணும்னா ஏழும் என் கையில இருக்கணும்."

"உங்களை ஆளைப் பார்த்துப் போட்டோமே."

"ஆமா. அடுத்த தடவையும் என்னை ஆளைப் பார்த்துப் போடு. மத்த ஆறு பேரை என்னைப் பார்த்துப் போடு. எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான்."

அவர் நெற்றியில் பச்சைச் சாயம் இறங்கிக்கொண்டிருந்தது. தைலம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த மனிதருக்காக மழையில் விடியற்காலையிலிருந்து நின்றோமே என்று அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அழவில்லை. "உங்க டீயில என்னிக்குமே சர்க்கரை கிடையாது பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அன்று மத்தியானம் வாடகைக்கு வாங்கின அடுப்பில், முன்கட்டில் சமையல் நடந்தது. பந்தி நிரம்பியிருந்தது. தைலம்மாள் குழம்பு வாளியோடு நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. அடுத்த தேர்தல்ல நானே நிக்கப்போறேன்."

எங்களுக்குப் புல்லரித்தது. ஒருவன் இலையில் இருந்த கையை எடுத்துத் தட்டியே விட்டான். கடைசியில் ஒரு நிஜமான மனுஷி! கட்சியும் இல்லை, குல்லாயும் இல்லை. சேற்றில் நின்றவள், சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது என்று நாற்றத்தாலேயே அறிந்தவள்.

"ஒத்தை ஆளாப் போனா என்ன ஆகும்னு பாய்கிட்டப் பார்த்தோம்" என்று அவள் தொடர்ந்தாள். "அதனால ஏழு பேராத்தான் நிக்கிறோம். ஆளைப் பொறுக்காதீங்க. அப்படியே மொத்தமாப் போட்டுடுங்க."

குழந்தைவேலு இலையிலிருந்து நிமிர்ந்தான். "மத்த ஆறு பேர் யாரு அக்கா?"

"நீ ஒருத்தன். மத்தவங்களை ஜெயிச்ச அப்புறம் சொல்றேன். சம்மதமா, இல்லையா?"

யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவள் வாளியைச் சாய்த்து, வரிசையாக எல்லா இலையிலும் கேளாமலே இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். அதுவும் அன்றைக்கு மீன் குழம்பு. சம்மதம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றாள். வலது கை எச்சிலாக இருந்ததால், நாங்கள் எல்லோரும் இடது கையைத் தூக்கினோம்.